மூன்றாம் தரப்பும் மூன்று தீவுகளும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகைப் பார்த்து நிற்கையில் இந்தக் கணக்குத்தான் மனதில் ஓடும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்பில் சேராதவை. டீசல் இயந்திரத்தை நம்பியவை. 2021 ஜனவரியில், ஆசிய அபிவிருத்தி வங்கி நிதியிலான சூரிய, காற்று மின்திட்டத்தைச் சீனக் கூட்டு நிறுவனமொன்றுக்கு வழங்க அமைச்சரவை இணங்கியது. இந்தியா ஆட்சேபித்தது. டிசம்பரில் சீனத் தூதரகம், ‘மூன்றாம் தரப்பின்’ பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதென்றது. தீவுச் சனம் எத்தனையாம் தரப்பு எண்டு ஒருத்தரும் கேட்கேல்லை.

2022 மார்ச்சில் இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை. அந்த வருசந்தான் நாடே எரிபொருள் வரிசையில் நின்றது. டீசலில் எரியும் தீவுகளுக்கு அது என்னவாயிருக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாக 2024 மார்ச் 1 ஆயிற்று: 1 கோடியே 10 லட்சம் டொலர் இந்திய நன்கொடை, 1,700 கிலோவாட் சூரியசக்தி, 530 கிலோவாட் காற்று, மின்கலங்கள். கூடவே, தேவைக்கு 2,500 கிலோவாட் டீசல் இயந்திரமும்.