நீலப் பெட்டியில் வந்த வேகன்

அமெரிக்காவில் ரயில் மாடல் கட்டுகிறவர்களிடம் ‘நீலப் பெட்டி’ என்றால் போதும், கம்பெனிப் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் இர்வின் ஆதர்ன் தொடங்கிய நிறுவனம் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் அந்த நீல அட்டைப் பெட்டியில்தான் தன் சரக்கு வேகன்களை அடைத்து விற்றது. முழு வேகனாக அல்ல, பாகங்களாக. பெயிண்ட் அடித்து எழுத்து அச்சிட்ட பிளாஸ்டிக் கூடு, அடித்தளம், கனத்துக்கு ஓர் இரும்புத் தகடு, போகி இரண்டு, கூரை மேல் பொருத்த நடைபலகை, கைப்பிரேக் சக்கரம், சில ஸ்க்ரூக்கள். ஸ்க்ரூடிரைவர் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. பெட்டியைக் குலுக்கினாலே உள்ளே வேகன் தயாராகிவிடும் என்று கேலி பேசுவார்கள்.

அப்படி ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் நாற்பதடி மூடு வேகனின் கதை இது. இன்னார் வீட்டு வேகன் என்று இல்லை. மாடல் பாதை கட்டிய எத்தனையோ பேஸ்மென்ட்டுகளில் ஏறத்தாழ இதே பாதையில் போய் வந்த வேகன்கள் இருக்கின்றன.

நிஜத்தில் 40 அடி இருப்பது மாடலில் ஐந்தரை அங்குலம். எச்.ஓ. என்கிற இந்த அளவில் நிஜத்தின் ஓர் அடிக்கு மாடலில் மூன்றரை மில்லிமீட்டர். அதாவது 87-ல் ஒரு பங்கு. அடியையும் மில்லிமீட்டரையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிய புண்ணியவான்களை யாரும் இதுவரை கேள்வி கேட்டதாகத் தெரியவில்லை. உலகத்தில் அதிகம் ஓடுவது இந்த அளவுதான். தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர்.

பெட்டியில் வந்தபடியே பூட்டி ஓடவிட்டால் வேகன் ஓடும். ஆனால் கொஞ்சம் அனுபவம் உள்ளவர் அப்படி விடமாட்டார். முதலில் தராசில் வைப்பார். ஒரு கம்பெனியின் வேகன் இன்னொரு கம்பெனியின் தண்டவாளத்தில் ஓடாத காலம் ஒன்று இருந்தது. அதற்கு முடிவு கட்ட 1935-ல் மில்வாக்கியில் கூடிய ஆர்வலர்கள் தேசிய அளவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சக்கரத்தின் விளிம்பு, தண்டவாளத்தின் அகலம் என்று ஒவ்வொன்றுக்கும் அளவு வகுத்த அந்தச் சங்கம் எடைக்கும் ஒரு கணக்கு சொல்கிறது: எச்.ஓ. வேகன் என்றால் அடிப்படையாக ஓர் அவுன்ஸ், நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் மேற்கொண்டு அரை அவுன்ஸ். நம் வேகனுக்கு மூன்றே முக்கால் அவுன்ஸ் வருகிறது, ஏறக்குறைய 106 கிராம். இந்தக் கணக்கு சும்மா இல்லை. நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது நடுவில் இருக்கும் லேசான வேகனை முன்னும் பின்னும் இழுக்கும் விசை வளைவின் உட்புறமாகச் சாய்த்துவிடும். பின்னோக்கித் தள்ளும்போது அதே வேகன் வெளிப்புறமாகத் துள்ளித் தடம்புரளும். ஆகவே உள்ளே ஈயத் துண்டோ பழைய நட்டோ ஒட்டிக் கனத்தைக் கூட்டுகிறார்கள். கூடு மூடியபின் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடுத்தது கப்ளிங். நீலப் பெட்டியில் வந்த கப்ளிங்குக்குக் கொம்பு மாதிரி ஒரு கொக்கி இருக்கும். பக்கவாட்டில் இடித்துக் கோர்த்துக்கொள்ளும். விலை மலிவு, எல்லாக் கம்பெனிகளும் போட்டன. ஆனால் எந்த நிஜ ரயிலிலும் அப்படி ஒரு வஸ்து கிடையாது. ஓரிகனில் கீத், டேல் என்ற எட்வர்ட்ஸ் இரட்டையர் நடத்திய கேடீ நிறுவனத்தின் உலோகக் கப்ளிங்கோ நிஜ ரயிலில் இருப்பது போலவே விரல் மடக்கிப் பிடித்துக்கொள்ளும். அதன் அடியில் தொங்கும் வளைந்த கம்பி, தண்டவாளத்துக்கு நடுவே பதித்த காந்தத்தின் மேல் வரும்போது விலகி, கை படாமலே வேகனைக் கழற்றிவிடும். பல பத்தாண்டுகள் ஆர்வலர்கள் செய்த முதல் காரியம், பெட்டியில் வந்த கப்ளிங்கைக் குப்பையில் போட்டுவிட்டுக் கேடீயை மாட்டியதுதான். 1990-களின் இறுதியில் காப்புரிமை காலாவதியான பிறகு மற்ற கம்பெனிகளும் அதே பாணிக்கு வந்துவிட்டன. வேடிக்கை என்னவென்றால், இன்று பலர் அந்தக் காந்த வித்தையையே விட்டுவிட்டார்கள். மூங்கில் குச்சியைக் கப்ளிங்கின் நடுவில் செருகித் திருப்பினால் வேகன் கழன்றுவிடுகிறது.

பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றி உலோகச் சக்கரம் போடுவதும் கையோடு நடந்துவிடும். பிளாஸ்டிக்கில் அழுக்கு ஒட்டும், அந்த அழுக்கு தண்டவாளமெல்லாம் பரவும், எஞ்சினுக்கு மின்சாரம் சரியாகக் கிடைக்காமல் வண்டி திக்கித் திக்கிப் போகும்.

இவ்வளவும் ஓடுவதற்காக. தோற்றத்துக்கான வேலை இனிமேல்தான். அதைத் தொடங்குமுன் உரிமையாளர் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும்: இது எந்த வருஷம்? நம் வேகன் ஓடப்போகும் பேஸ்மென்ட்டில் என்றைக்கும் 1956-ம் வருஷத்து இலையுதிர் காலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கூரையில் நடைபலகை இருந்தே தீரவேண்டும். ஒரு காலத்தில் பிரேக்மேன்கள் ஓடும் வண்டியின் கூரை மேலேயே வேகனுக்கு வேகன் தாவிக் கைப்பிரேக் போட்டு, எத்தனையோ பேர் விழுந்து செத்தார்கள். காற்றுப் பிரேக் வந்த பிறகும் பலகை மட்டும் போகவில்லை. 1966-ல்தான் புது வேகன்களில் அது வேண்டாம் என்று விதி வந்தது.

பிறகு அழுக்கு. பொங்கலுக்கு வெள்ளையடிப்பதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். இன்று எல்லோரும் செய்வதால் இது இயல்பாகத் தெரிகிறது. முன்பு மாடல் ரயில் என்றாலே கண்ணாடி அலமாரியில் மினுங்கும் பொருள். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் ஜான் ஆலன். கலிஃபோர்னியாவின் மாண்டரேயில் வாழ்ந்த புகைப்படக்காரர். தொழிலே வெளிச்சத்தைப் பார்ப்பது என்பதால், புத்தம் புதிய மாடல் ஏன் படத்தில் பொய்யாகத் தெரிகிறது என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. கரி, துரு, இற்றுப்போன மரம், தரையில் சிந்திய எண்ணெய் என்று தன் கோரி அண்டு டிஃபீட்டட் ரயில் பாதை முழுக்க வயதை ஏற்றினார். பத்திரிகையில் படங்களைப் பார்த்த ஒரு தலைமுறை அவர் வழியில் போயிற்று. 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்தார். சில நாட்களில் அவர் வீட்டில் தீப்பிடித்து, தரையிலிருந்து எழும்பிய அந்த மலைகளும் பாலங்களும் அழிந்துபோயின. இன்று நாம் பார்ப்பதெல்லாம் அவர் எடுத்து வைத்த படங்கள்.

வேகனுக்கு வயதேற்ற முதலில் பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவைப்பார்கள். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. வெயிலில் வெளுத்த தோற்றத்துக்கு, வேகனின் நிறத்தோடு வெள்ளை கலந்து தண்ணீராகக் கரைத்து ஏர்பிரஷ்ஷில் ஒரு பூச்சு. பிறகு ஆல்கஹாலில் சில சொட்டு இந்தியன் இங்க் விட்டுத் தடவினால், அது பலகை இடுக்குகளிலும் ரிவெட்டுகளைச் சுற்றியும் போய்த் தங்கிக் கருக்கும். துருவுக்கு ஆயில் பெயிண்ட்: ஊசிமுனையளவு காவிப் புள்ளி வைத்து, தின்னரில் தோய்த்துத் துடைத்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. மழைத் தண்ணீர் எப்படி ஓடுமோ அப்படித்தான் துருவும் ஓட வேண்டும். அடிப்பகுதிக்கும் போகிகளுக்கும் பாதையோரத்து மண் நிறத்தில் தூசி. கடைசியில் சாக்பீஸ் பொடி.

கடைசிப் படியில்தான் பலர் நொந்துபோவார்கள். பொடி உதிராமல் இருக்கப் பளபளப்பில்லாத வார்னிஷ் அடித்தால், ஆசை ஆசையாகப் போட்ட பொடியில் பாதி காணாமல் போய்விடும். அந்த வார்னிஷ் மேல் ஆல்கஹால் பட்டாலோ வெள்ளை பூத்துவிடும். விஷயம் தெரிந்தவர்கள் அந்தப் பூப்பையே வெயிலில் நைந்த பெயிண்ட்டாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

என் பார்வையில் பெரும்பாலோர் துருவை அளவுக்கு மீறிப் போடுகிறார்கள். குப்பையில் கிடந்து எடுத்த வேகன் போல ஐம்பது வேகன்களை வரிசையாக ஓடவிட்டால், அந்த ரயில்வேயே திவாலாகிவிட்டது என்றுதான் தோன்றும். நிஜ வேகன்களின் படத்தை எதிரில் வைத்து வேலை செய்கிறவர்கள் இந்தத் தப்பைச் செய்வதில்லை. கூரைகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசிய தகடு என்பதும், அதில் பெயிண்ட் உரிந்தால் துரு அல்ல, மங்கிய வெள்ளி நிறம்தான் எட்டிப் பார்க்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் வேறு. வேகனைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பணிமனையில் எடை போட்டு, வெற்று எடையும் தேதியும் பக்கவாட்டில் எழுதுவார்கள். பழைய எழுத்தின் மேல் ஒரு கை பெயிண்ட் பூசிவிட்டு அதன் மேல் புது எண்ணை எழுதுவதால், அழுக்கு வேகனின் நடுவே ஒரு சின்னச் சதுரம் மட்டும் பளிச்சென்று இருக்கும். நம் ஊர் ரயில் பெட்டிகளின் ஓரத்தில் பெரம்பூர் பணிமனையின் பி.ஓ.எச். என்கிற காலமுறைப் பராமரிப்புத் தேதி எழுதியிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மாடலில் அந்தச் சதுரத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடத்தையெல்லாம் அழுக்காக்குகிறார்கள். 1955 என்று தேதி போட்ட மெல்லிய ஒட்டுப்படம் (டிக்கால்) ஒன்று அதன் மேல் ஏறுகிறது. கூடவே யார்டு குமாஸ்தாக்கள் சாக்பீஸால் கிறுக்கிய குறிகள்.

இப்போது வேகன் பார்க்க நிஜமாகிவிட்டது. ஆனால் எங்கே போகிறது, எதற்குப் போகிறது? வட்டப் பாதையில் சுற்றி வருவதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்கள்தான் இந்தப் பொழுதுபோக்கை விளையாட்டிலிருந்து வேறொன்றாக ஆக்கினார்கள். 1961-ல் டக் ஸ்மித் என்பவர் ஒரு சீட்டு முறையை எழுதி வெளியிட்டார். ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை; அதில் எந்த ரயில்வே, என்ன எண், என்ன வகை. அட்டையில் ஒரு பாக்கெட். அதற்குள் சரக்குச் சீட்டு. இன்று புழங்கும் சீட்டில் முன்னும் பின்னுமாக நான்கு பயணங்கள் இருக்கும். முதல் பயணம் முடிந்ததும் சீட்டைத் தலைகீழாகச் செருகினால் இரண்டாவது பயணம். ஒஹாயோவின் டேட்டன் நகரத்து ஆலன் மெக்லெலண்ட் தன் வர்ஜீனியன் அண்டு ஒஹாயோ பாதையில் இன்னொன்றைக் காட்டினார்: கண்ணுக்குத் தெரியும் பாதை ஒரு துண்டுதான், வண்டிகள் அதற்கு வெளியேயுள்ள உலகத்திலிருந்து வந்து வெளியே போகின்றன. சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கும் யார்டுதான் அந்த வெளியுலகம்.

நம் வேகன் சான்டா ஃபே ரயில்வேக்குச் சொந்தம். வேறொரு ரயில்வேயின் பாதையில் அதற்கு என்ன வேலை என்று கேட்கக் கூடாது. மூடு வேகன்கள் நாடு முழுக்க எந்தக் கம்பெனியின் பாதையிலும் அலையும். பிறத்தியார் வேகன் தன் பாதையில் இருந்தால் நாள் கணக்கில் வாடகை கட்ட வேண்டும் என்பதால், நள்ளிரவுக்குள் அதை அடுத்த ரயில்வேயின் தலையில் கட்டிவிட நிஜத்தில் பெரும் அவசரம் இருந்தது. சனிக்கிழமை மாலை நண்பர்கள் கூடுகிறார்கள். ஒருவர் டிஸ்பாட்சர், ஒருவர் யார்டு மாஸ்டர், மற்றவர்கள் டிரைவர்கள். சுவரில் ஒரு வேகக் கடிகாரம்; நாம் பதினைந்து நிமிஷம் கழித்தால் அங்கே ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு மைல் என்பது இந்த அளவில் அறுபது அடிதான் என்பதால், நேரத்தையும் இழுத்துச் சுருக்கினால்தான் டைம்டேபிள் என்று ஒன்று போட முடியும்.

மறைவு யார்டிலிருந்து வந்த நம் வேகனைத் தீவனக் கிடங்கின் கதவுக்கு நேரே நிறுத்த வேண்டும் என்று சீட்டு சொல்கிறது. அந்தக் கிளைப்பாதையில் ஏற்கெனவே இரண்டு வேகன்கள் நிற்கின்றன. அவற்றை இழுத்து, லூப்பில் விட்டு, எஞ்சினைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து, நம்முடையதைத் தள்ளி, பழையபடி அவற்றை வைத்துவிட்டு வரும்போது எதிரே பயணி வண்டி வந்து நிற்கிறது, டிஸ்பாட்சர் கத்துகிறார். இந்த ஷண்டிங் வேலைக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் துருவை யாரும் பார்ப்பதில்லை, கூரையைப் பார்ப்பதில்லை. வேகனின் எண்ணை மட்டும்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த வேகன் முழுசாக நிஜமாவது அப்போதுதான். ஒருவர் அதற்காகக் குனிந்து, அட்டையோடு ஒப்பிட்டு, தப்பான இடத்தில் நிறுத்திவிடக் கூடாதே என்று கவலைப்படுகிறார்.

பேஸ்மென்ட் ரயில்வேக்கு உரிமையாளரின் ஆயுள்தான் ஆயுள். மரமும் பிளாஸ்டரும் கலந்து கட்டிய மலையைப் பெயர்த்து வேறு வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அவர் போன பிறகு குடும்பம் நண்பர்களைக் கூப்பிடும். அவர்கள் வந்து எஞ்சின்களையும் வேகன்களையும் பட்டியலிட்டு, பாதையை அறுத்துப் போடுவார்கள். வேகன்கள் ஏதாவது ரயில் கண்காட்சியின் விற்பனை மேஜைக்கு வரும். வாங்குகிறவர் புரட்டிப் பார்க்கிறார்: உலோகச் சக்கரம், கேடீ கப்ளிங், அடியில் முந்தையவரின் இரண்டு எழுத்துக் குறி. மேஜை மேல் உருட்டிப் பார்க்கிறார். நேராக ஓடுகிறது. பேரம் நடக்கிறது.

புதியவரின் பேஸ்மென்ட்டில் வருஷம் 1975. ஆகவே நம் வேகனுக்கு ஏறக்குறைய இருபது வயது கூட வேண்டும். நடைபலகையைக் கழற்றி, துளைகளை அடைத்து, ஏணியின் மேல்படிகளை வெட்டிவிடுகிறார். நிஜத்திலும் அப்படித்தான் வெட்டினார்கள். பக்கவாட்டில் நிறப் பட்டைகள் அடுக்கிய ஒரு லேபிள் ஏறுகிறது. 1967 முதல் பாதையோரக் கருவிகள் படிப்பதற்காக எல்லா வேகனிலும் ஒட்டி, அழுக்கேறினால் படிக்க முடியாமல் போய், ஏறத்தாழ பத்தாண்டில் கைவிட்ட சங்கதி. அதன் மேலும் கொஞ்சம் அழுக்கு. 1955 தேதி இருந்த பளிச் சதுரம் இப்போது மற்ற இடத்தைப் போலவே மங்கியாகிவிட்டது. பக்கத்தில் இன்னொரு சதுரம். நாற்பதடி வேகன்களுக்கு எழுபதுகளில் நல்ல சரக்கு எதுவும் கிடைக்கவில்லை. கனமான புதிய வேகன்களைத் தாங்காத கிளைப்பாதைகளில் தானியம் ஏற்றத்தான் அனுப்பினார்கள். புது அட்டையில் சேருமிடம் என்ற இடத்தில் அவர் எழுதியிருப்பதும் ஒரு தானியக் கிடங்கைத்தான். 1978-க்கு மாறலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த வருஷம் ஒரு வகைச் சக்கரம் உடைகிறது என்று நாட்டின் எல்லா வேகன்களையும் சோதித்து, தேறியதற்குக் கறுப்புச் சதுரத்தில் மஞ்சள் பொட்டு, தேறாததற்கு வெள்ளைப் பொட்டு வைத்தார்கள். மாறினால் இந்த வேகனுக்கு எந்தப் பொட்டு என்பது இன்னும் முடிவாகவில்லை.