பெயர் எழுதப்படாத கை

திருகோணமலையின் வரலாறு கோட்டை பிடித்தவர்களின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. 1795இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலப் படை ஒல்லாந்தரிடமிருந்து அதனைக் கைப்பற்றியது. ஆயின், அக்காலப் படைகளுக்குப் பொதி சுமந்த ஏழைகளின் கதையை எழுதியவர் யார்?

அத்தகையோரில் ஒருவரது கதை மட்டும் ஒரு விந்தையான காரணத்தால் எஞ்சியுள்ளது. கோவாஸ்ஜி என்னும் மராட்டிய உழவர், 1792இல் முடிவுற்ற மைசூர்ப் போரில் ஆங்கிலப் படையின் எருதோட்டியாக இருந்தவர். திப்புவின் படையிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டின் பின் பூனாவுக்கு அருகில், செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்தார். மெழுகால் அளவெடுத்து, அந்த அளவுக்கு நெற்றித் தோலை உரித்து, கீழ்நோக்கித் திருப்பிப் பொருத்தினார். கண்களுக்கிடையே ஒரு தோல் இணைப்பை மட்டும் அறுக்காது விட்டார். குருதி அதன் வழியே ஓடிற்று. ஏறத்தாழ 25 நாட்களின் பின்னரே அது துண்டிக்கப்பட்டது. புண்ணுக்கு மருந்து, நீரில் குழைத்த காசுக்கட்டி.

1794இல் இலண்டன் மாத இதழொன்று இதனை வெளியிட்டது. 1814இல் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர் இம்முறையைப் பின்பற்றி வெற்றி கண்டார். எருதோட்டியின் பெயர் நிலைத்தது; கார்ப்யூவின் பெயர் நிலைத்தது. செங்கல் செய்தவரின் பெயரை மட்டும் அந்த இதழ் குறிக்கவில்லை.

ஆயினும் அவர் கண்ட நெறி வாழ்கிறது: குருதி ஓடினாற்றான் தசை பிழைக்கும். 1984இல் சீன மருத்துவர் சோங்கும் அவரது குழுவினரும் தொடையின் முன்புறத்திலிருந்து ஒரு தசைமடலை எடுக்கும் முறையை விளக்கினர். தோலும் கொழுப்பும் தமக்குரிய குருதிக்குழாய்களுடன் எடுக்கப்படும். நுண்ணோக்கியின் கீழ் அக்குழாய்கள் கழுத்தின் குழாய்களோடு தைக்கப்படும். புற்றுநோய்க்காகக் கன்னத்தையோ நாவையோ இழந்தவர் மீண்டும் விழுங்கவும் பேசவும் அது துணை செய்கிறது.

இலங்கை ஆண்களிடையே முதலிடம் பெறும் புற்றுநோய் வாய்ப்புற்றே. களைப்பு மறக்க வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் அதற்குப் பெருங்காரணங்கள். அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை இலவசந்தான். ஆனால் நாட்கூலி பெறும் துறைமுகத் தொழிலாளிக்கு ஒருநாள் மருத்துவமனைக்குப் போவது ஒருநாள் உணவை இழப்பதாகும். ஆதலின் நோய் முற்றிய பின்னரே பலர் வருகின்றனர்.

ஏழையின் முகத்தைக் காக்கவே ஓர் உழைப்பாளியின் கையில் இக்கலை அன்று விளங்கிற்று. இன்று அது உழைப்பாளியை எட்டாதிருக்கலாமோ? இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதை வகுப்பறையிலும் தொழிற்சங்கத்திலும் நாம் சொல்லியாக வேண்டும். அதற்காகும் நாளுக்குக் கூலியுடன் விடுப்பையும் கேட்டாக வேண்டும்.