அடிமைப் பெயர் பெற்ற அருந்துணை

மன்னர்கள் பிறந்த நாளை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. அவர்கள் பிறந்தபோது அன்னையின் கரம் பற்றி அருகே நின்றவள் எவள் என்று குறிக்கவில்லை. களத்திலே வாள் சுழற்றியவனுக்குக் கல் நாட்டினர். கட்டிலருகே கண் விழித்து நின்றவளுக்கு ஒரு நல்ல சொல்லைக்கூட விட்டு வைத்தாரில்லை. அணிக்காகக் கூறவில்லை, தோழர்களே! அவளைக் குறித்த சொற்களின் வரலாறே அவளுக்கு நேர்ந்த அநீதியின் வரலாறு. மூன்று மொழிகளிலே அதைக் காணலாம்.

மகப்பேற்றின்போது தாயின் பக்கத்திலேயே இருந்து, தைரியம் கூறி, முதுகு நீவி, மருத்துவர் சொல்வதை விளங்க வைக்கும் பெண்ணுக்கு இன்று மேலை நாடுகளில் ‘டூலா’ என்று பெயர். அவள் ஊசி போடுவதில்லை, மருந்து தருவதில்லை, குழந்தையை எடுப்பதும் இல்லை. துணை நிற்பதே அவள் தொழில். டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர், தாய்மாருக்குத் துணைபுரியும் பெண்ணைக் குறிக்க, 1973-இல் வெளியான தம் நூலில் இச்சொல்லைக் கையாண்டார். கிரேக்க மொழியிலிருந்து வந்த அச்சொல்லின் ஆதிப் பொருள் என்ன தெரியுமா? அடிமைப் பெண்!

ஆங்கிலத்தைப் பாருங்கள். ‘காசிப்’ என்றால் இன்று வீண் வம்பு. ஆதியிலே அது ஞானஸ்நானத்தால் ஏற்படும் உறவைக் குறித்தது. ஷேக்ஸ்பியர் காலத்திலே, பேறுகாலத்தில் தாயருகே கூடியிருக்க அழைக்கப்பட்ட தோழியரைக் குறித்தது. துணைக்கு வந்தவளின் பெயர், காலம் செல்லச் செல்ல வம்புக்கு உரிய பெயராயிற்று.

நம் தமிழிலோ ‘மருத்துவச்சி’ என்பது மாண்புமிக்க சொல். மருத்துவம் அறிந்தவள் என்று பொருள். ஆனால் அச்சொல்லுக்கு உரியவளை எங்கே நிறுத்தினோம்? முடிதிருத்தும் தொழிலுக்கென ஒதுக்கப்பட்ட குலத்தின் பெண்களே ஊர்தோறும் பேறு பார்த்தனர். உலகுக்கு வரும் உயிரை முதலில் ஏந்தியது அவர்கள் கரம். அக்கரத்துக்குச் சாத்திரம் தந்த பரிசு தீட்டு! பேற்றுக் குருதி தீட்டு, பெற்றவள் தீட்டு, தொட்டு உதவியவளும் தீட்டு! அவள் கையிலே பிறந்த பிள்ளை வளர்ந்து பெரியவனாகி, அவளையே வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னான். பெயரிலே மருத்துவம், வாழ்விலே இழிவு.

இதனால் அக்காலம் பொற்காலம் என்று கூற வரவில்லை. கொதிநீர் காணாத கத்தி, காற்றுப் புகாத இருட்டறை, பேய்க்கு அஞ்சிக் கட்டிய கயிறு ஆகியவற்றுக்குப் பலியான தாய்மாரும் குழந்தைகளும் எண்ணிலர். நோய்க்கிருமியை வெல்லும் மருந்தும், குருதி ஏற்றும் முறையும், அறுவைச் சிகிச்சையும் மகப்பேற்றின் மரண பயத்தைக் குறைத்தன. மருத்துவமனை பகுத்தறிவின் வெற்றி, அதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 1900-இல் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் வீட்டிலேயே பிறந்தன. 1969-இல் நூற்றுக்கு 99 மருத்துவமனையில் பிறந்தன. எனினும், அழுக்குக் கத்தியை வெளியே எறிந்தபோது, அருகிருந்த தோழியையும் சேர்த்தே வெளியேற்றிவிட்டனர். உற்றார் வெளியே; இடுப்பு வலியோடு பெண் உள்ளே, தனியே!

அந்தத் தனிமைக்கு விலை உண்டா என்று சோதித்துப் பார்த்தவர்கள் குழந்தை மருத்துவர்களான மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகியோரும் அவர்தம் குழுவினரும். இடம் மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. அங்கே நெரிசல் மிக்க மருத்துவமனையில், துணையின்றிப் பிள்ளை பெறுவதே வழக்கம். முதற்பேற்றுத் தாய்மாரில் ஒரு சாராருக்கு முன்பின் அறியாத, மருத்துவம் பயிலாத ஒரு பெண்ணைத் துணையாக அமர்த்தினர். 1980-இல் முடிவு வெளியாயிற்று. சிக்கலின்றிப் பெற்றவர்களை ஒப்பிட்டபோது, தனித்திருந்தோருக்குப் பேறு முடியச் சராசரி 19 மணி நேரம். துணை பெற்றோருக்கு ஏறத்தாழ 9 மணி நேரமே!

1991-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு வந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டோர், துணையில்லாதவர்களில் நூற்றுக்கு 18. துணை பெற்றவர்களில் நூற்றுக்கு 8.

மந்திரமா இது? இல்லை. அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் பெருகும். அது கருப்பையின் இயக்கத்தைத் தளரச் செய்யும். அன்புக் கரம் அச்சத்தைத் தணிக்கிறது. தணிந்த உடல் தன் பணியைச் செய்கிறது. இதுவே ஆய்வாளர் தரும் விளக்கம்.

அறிவியலின் நேர்மையையும் இங்கே காணுங்கள். முதல் ஆய்வு வியப்பளித்தது என்று அதோடு நின்றாரில்லை. 17 நாடுகளில் 15,858 பெண்களிடம் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2017-இல் கணக்கிட்டனர். பேறு விரைவாவது சராசரியாக 40 நிமிட அளவே என்று தெரிந்தது. பத்து மணி நேரம் நாற்பது நிமிடமாகச் சுருங்கியதை மறைக்கவில்லை. ஆனால் அறுவை குறைவதும், வலிமருந்தின் தேவை குறைவதும், பேறு பற்றிய கசப்பு குறைவதும் அத்தொகுப்பிலும் நிலைத்து நின்றன. வேதமாயிருந்தால் ஓர் எழுத்தும் மாறாது. அறிவியல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். திருத்தத்திற்குப் பின் எஞ்சுவதே உண்மை!

ஆட்சியாளரும் இதை ஏற்றனர். தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணைத் திட்டம் 2004-இல் தொடங்கியது. 2016-இல் இந்திய அரசு, அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணைக்கு இசைவு தந்தது. 2018-இல் உலக நல்வாழ்வு நிறுவனம், ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளே தேர்ந்த துணை வேண்டும் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் இன்று மகப்பேறுகள் அநேகமாக எல்லாமே மருத்துவமனையில் நிகழ்கின்றன. ஆகவே இது எங்கோ நடக்கும் வாதம் அன்று. நம் தமக்கையின், நம் துணைவியின் உரிமை.

ஆணை மட்டும் போதுமா? கட்டிலுக்குக் கட்டில் திரை வேண்டும். துணைக்கு வருபவள் அமர ஓர் இருக்கை வேண்டும். “கூட்டம் போடாதே” என்று விரட்டாத உள்ளம் வேண்டும். இவையின்றேல், பணம் படைத்தவள் கூலி கொடுத்து டூலாவை அமர்த்திக்கொள்வாள். ஏழைப் பெண் சுவரைப் பார்த்தபடி வலி தாங்குவாள். பழைய சமுதாயம் துணை நின்றவளைச் சாதியால் தாழ்த்திற்று. புதிய சமுதாயம் துணையையே காசுக்குரிய சரக்காக்கினால், மாறியது என்ன?

பழமை பேசுவோர் இதைக் கேட்டு, “பார்த்தாயா, பாட்டி சொன்னதெல்லாம் சரி!” என்று பூரிப்பர். எல்லாம் சரியன்று. பாட்டி கட்டிய கயிறு சோதனையில் தோற்றது. பாட்டி பற்றிய கரம் சோதனையில் வென்றது. பதரைத் தூற்றி நெல்லைக் கொள்வதே பகுத்தறிவு.

இளைஞர்களே! பேறு பெண்கள் சங்கதி என்று ஒதுங்கி நிற்காதீர். உங்கள் வீட்டுப் பெண் பேற்றறைக்குச் செல்லும் நாளில், “உனக்குத் துணையாக யார் வேண்டும்?” என்று அவளைக் கேளுங்கள். அவள் கூறும் துணைக்கு இடம் தருமாறு மருத்துவமனையில் உரிமையோடு, பணிவோடு கேளுங்கள். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று பெரியார் கேட்ட நாடு இது. பெண்ணுக்குத் துணை நிற்பவளுக்கும் அடிமைப் பெயர் வந்தது ஏன் என்று நாம் கேட்போம். அவளுக்கு உரிய இடத்தை, கட்டிலின் அருகிலேயே, மதிப்போடு அளிப்போம்!