ஏ.டி.எம் கார்டு தொலைஞ்சுபோச்சா... புதுசு வர்ற வரைக்கும் சமாளிப்பது எப்படி?

வங்கிக் கணக்கு கடலூர்ல, படிப்பு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல. பஸ்ஸை விட்டு இறங்கி பர்ஸைத் திறந்தா, ஏ.டி.எம் கார்டைக் காணோம்!

முதல் வேலையா, வங்கிக்கு போன் போட்டு கார்டை பிளாக் பண்ணுங்க. நீங்க தகவல் சொன்ன பிறகும் அந்தக் கார்டுல ஆன்லைன்ல யாராவது பணத்தைச் சுருட்டினா, நஷ்டம் வங்கியைச் சேரும். இது ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு விதி.

கார்டு போனாலும் யு.பி.ஐ ஓடும். டீக்கடைக்குப் பிரச்னை இல்லை. ஆனா, இந்த நேரம் பார்த்து யு.பி.ஐ பின்னை மறந்துடாதீங்க. மாத்தி வைக்க கார்டு நம்பரைக் கேட்கும். ஆதார் ஓ.டி.பி வழியும் உண்டு. அதுக்கு வங்கியிலயும் ஆதார்லயும் ஒரே செல் நம்பர் இருக்கணும்.

கையில ரொக்கம் வேணுமா? சில ஏ.டி.எம்-கள்ல க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணியே எடுக்கலாம். கணக்கோட ஆதார் இணைஞ்சிருந்தா, தபால் நிலையத்துல கைரேகை வெச்சும் வாங்கலாம்.

புதுக் கார்டு வங்கியில பதிவான முகவரிக்குத்தான் போகும். ஹாஸ்டல் வாசலைப் பார்த்துட்டு இருக்காம, வீட்டுல அம்மாகிட்ட சொல்லி வைங்க.

மழைக்காலம்னா கொஞ்சம் கூடுதல் உஷார். 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூரைப் புரட்டிப்போட்டப்போ, பல ஊர்கள்ல நாள்கணக்கா கரன்ட் இல்லை. கரன்ட் போனா ஏ.டி.எம்-மும் படுத்துடும், போனும் படுத்துடும். புயல் செய்தி வந்தா, நாலு நாள் சாப்பாட்டுக்கும் ஊருக்குப் போற பஸ்ஸுக்கும் முன்கூட்டியே ரொக்கம் எடுத்து வெச்சுக்கங்க.