நெருக்கடிக் காலமும் கட்டட வேலையும்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்' என்பது நம் நாட்டுப் பழமொழி. இரண்டும் எத்துணைக் கடினமான காரியங்கள் என்பதைக் குறிக்கவே இதனைச் சொல்வது வழக்கம். ஆயின் இவ்விரண்டுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு. கையில் பணம் தட்டுப்படும் ஆண்டில் இரண்டையும் தள்ளிப் போடலாம். அரிசியை அடுத்த ஆண்டு வாங்கிக் கொள்வோம் என்று எவரும் இருந்துவிட இயலாது. வீட்டை அடுத்த ஆண்டு கட்டிக் கொள்வோம் என்று இருக்கலாம். ஒரு குடும்பம் இவ்வாறு எண்ணினால் அது சிக்கனம். ஒரு நாட்டிலுள்ள குடும்பங்களும் கம்பெனிகளும் பாங்குகளும் ஒரே சமயத்தில் இவ்வாறு எண்ணினால், கொத்தனாரும் சித்தாளும் தச்சரும் செங்கற்சூளைத் தொழிலாளியும் ஒருங்கே வேலையிழக்கின்றனர். உலகில் பொருளாதார மந்தம் தோன்றும்போது கட்டட வேலைக்கு என்ன நேர்கிறது, அதனைத் தாங்கிப் பிடிக்க அரசாங்கங்கள் என்ன செய்தன, அச்செலவின் பயன் யாரைச் சேர்ந்தது என்பவற்றை வரலாற்றின் துணைகொண்டு இங்கே ஆராய்வோம்.

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அமெரிக்காவில் வீடு கட்டும் தொழில் அதற்கு முன்பே தளரத் தொடங்கியிருந்தது. 1925-ல் அந்நாட்டில் 9,37,000 வீடுகளுக்கு வேலை தொடங்கிற்று. 1933-ல் அவ்வெண்ணிக்கை 93,000. எட்டே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. உண்பதும் உடுப்பதும் குறைந்தனவே அன்றி, இந்த அளவுக்குக் குறையவில்லை. கட்டடம் பெரும்பாலும் கடன் வாங்கிக் கட்டப்படுவது. பாங்கு கதவைச் சாத்தினால் செங்கல் ஏறாது. அன்றியும், இன்று கட்டும் வீட்டில் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் ஒருவர் குடியிருப்பார், வாடகை தருவார் என்னும் நம்பிக்கையே அதன் முதல் அடித்தளம். மந்த காலத்தில் முதலில் அழிவது இந்த நம்பிக்கையே.

இவ்விடத்தில் நாம் ஏமாந்துவிடக்கூடிய செய்தி ஒன்று உண்டு. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 102 மாடிகளுடன் எழுந்து, 1931 மே முதல் நாள் திறக்கப்பட்டது. ஒரு நாளில் 3,400 பேர் வரை அங்கே வேலை செய்தனர். கூலியும் சாமான் விலையும் வீழ்ந்திருந்தமையால் மதிப்பிட்டதைக் காட்டிலும் குறைந்த செலவில் அது முடிந்தது. உலகிலேயே உயர்ந்த கட்டடம் எழுவதைக் கண்டவர், நாடு செழித்திருப்பதாக எண்ணியிருக்கக் கூடும். ஆனால் அது செழித்த காலத்தில் எடுத்த முடிவின் விளைவு. திறந்த பின்னர் குடிவருவோர் இன்றி அதன் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. ஊரார் அதன் பெயரைத் திரித்துக் 'காலிக் கட்டடம்' என்று கேலி பேசினர். சாரம் பிரித்த கூலியாள்களுக்கு அடுத்து ஏறுதற்கு வேறு சாரம் இல்லை. கட்டடத்தின் நிழல் நிகழ்காலத்தில் விழுந்தாலும், அதன் கணக்கு கடந்த காலத்தைச் சேர்ந்தது.

தனியார் கை ஓயும்போது அரசாங்கத்தின் கை நீள வேண்டும் என்ற கருத்து அந்நாளில் வலுப்பெற்றது. கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டும் ஒப்பந்தம் 1931 மார்ச்சில் வழங்கப்பட்டது. செய்தி கேட்ட வேலையற்றோர் மனைவி மக்களுடன் பாலைவனத்திற்கு வந்து கூடாரமிட்டுக் காத்திருந்தனர். 1934 ஜூலையில் ஒரே சமயத்தில் 5,251 பேர் வேலை செய்தனர். 1935-ல், குறித்த காலத்திற்கு முன்னதாகவே, அணை எழுந்து நின்றது. அரசாங்கக் கணக்குப்படி அவ்வேலையில் இறந்தோர் 96 பேர். 1931 ஆகஸ்டில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது வெற்றி பெறவில்லை. வாயிலில் காத்து நிற்போர் ஆயிரக்கணக்கில் இருக்கையில், உள்ளே இருப்பவரின் குரல் எடுபடுவதில்லை.

ரூஸ்வெல்ட் 1933-ல் குடியரசுத் தலைவரானதும் பொதுப் பணிகளுக்கென 330 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பெரிய பணிகளுக்கு வரைபடமும் நிலமும் ஒப்பந்தமும் ஆயத்தமாவதற்குள் மாதங்கள் கழிந்தன. பசியோ மாதக் கணக்கில் பொறுப்பதில்லை. ஆகவே 1935-ல் ஆள்களை நேரே வேலைக்கமர்த்தும் வேறொரு திட்டம் ஏற்பட்டது. 1943 வரை நடந்த அத்திட்டத்தில் சுமார் 85 லட்சம் பேர் கூலி பெற்றனர். ஆறு லட்சம் மைலுக்கு மேற்பட்ட சாலைகளை அவர்கள் அமைத்தனர் அல்லது செப்பனிட்டனர். பள்ளிக்கூடங்கள், பாலங்கள், பூங்காக்கள் பல எழுந்தன. நிலைமை சீர்பட்டது என்று கருதி 1937-ல் செலவைச் சுருக்கியபோது மந்தம் மறுபடியும் தலைதூக்கியது. ஊன்றுகோலை எப்போது எடுப்பது என்பதும் ஒரு கலை என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

அதே காலத்தில் நம் நாட்டை ஆண்ட பிரிட்டிஷ் அரசாங்கம் வேறு வழியில் சென்றது. வரவுக்குள் செலவை அடக்குவதே அதன் கொள்கை. 1931-ல் அரசாங்க ஊழியர்களின் சம்பளத்தில் 10 சதவீதம் வெட்டப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில்தான் புது தில்லி தலைநகராகத் திறந்துவைக்கப்பட்டது. தில்லியில் வாழும் நம்மவர் நாள்தோறும் காணும் செயலகக் கட்டடங்கள், உலகமே கடன்பட்டுத் தவித்த ஆண்டில் விழாக் கண்டவை. காவிரியின் மேட்டூர் அணையோ 1925-ல் தொடங்கி, மந்த காலத்தைக் கடந்து, 1934-ல் முடிவுற்றது. தொடங்கிவிட்ட வேலையை இடையில் நிறுத்தாமையின் நன்மைக்குத் தஞ்சை வயல்களே சான்று. ஆயின் வேலையற்றோருக்கென்றே புதிய பணிகளைப் பரவலாகத் தொடங்கும் எண்ணம் அன்றைய அரசாங்கத்திற்கு இருக்கவில்லை.

இல்லாதாருக்கு வேலை தரவே கட்டுவது என்னும் வழி அமெரிக்கர் புதிதாகக் கண்டதன்று. 1784-ல் அவத் நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது நவாப் ஆசப் உத்தௌலா லக்னோவில் பெரிய இமாம்பாராவை எழுப்பலானார். கட்டுவோருக்குப் பகலில் கூலி. கட்டியதை இடிப்போருக்கு இரவில் கூலி. இரவில் வேலைக்கு வந்தோர், முகம் தெரிய நாணிய நற்குடியினர் என்று ஒரு கதை அந்நகரில் வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், உதவி பெறுவோரின் மானத்தையும் எண்ணவேண்டும் என்ற நினைவு அதில் உள்ளது. ஜோத்பூரில் மகாராஜா உமைத் சிங் 1929-ல் அடிக்கல் நாட்டி 1943-ல் முடித்த அரண்மனையும், வறட்சியால் வாடிய குடியானவர்க்கு வேலை தரவேண்டிக் கட்டியதென்றே சொல்லப்படுகிறது. அவ்வேலை ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிட்டது. ஆயின் எஞ்சியது அரசர்க்கு ஒரு மாளிகை. அதே உழைப்பு ஏரிகளாகவும் கால்வாய்களாகவும் மாறியிருந்தால், அடுத்த வறட்சியின் கடுமை குறைந்திருக்கும் அன்றோ?

கால்வாய் என்றதும் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை அழித்த பெரும் பஞ்சம் நினைவுக்கு வருகிறது. சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி பஞ்சத் தொழிலாளரைக் கொண்டு அப்போது வெட்டப்பட்டது. அன்றைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. கால்வாய் உபயோகமானதே. 2004 டிசம்பரில் ஆழிப் பேரலை எழுந்தபோதும், அக்கால்வாய் சில இடங்களில் நீரின் வேகத்தைத் தாங்கிக்கொண்டது.

ஆனால் அந்தப் பஞ்ச வேலைகளின் கூலி எவ்வளவு? 1877-ன் தொடக்கத்தில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், வளர்ந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் அதனை வன்மையாக எதிர்த்தார். மண் வெட்டிச் சுமப்பவனுக்கு அவ்வுணவு போதாது என்பதை அவர் புள்ளிகளுடன் எடுத்துக் காட்டினார். அவ்வாண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது; எனினும் அதற்குள் இறந்தவர் இறந்தவரே. கட்டப்படும் பொருள் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது, கட்டுகிறவன் உயிரோடிருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு நமக்குக் காட்டுகிறது.

விடுதலை பெற்ற பின் இப்பாடத்தை நன்கு கற்ற மாநிலம் மகாராஷ்டிரம். 1972-73-ல் மழை பொய்த்தபோது, 1973 மே மாதத்தில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் அங்கே நிவாரண வேலைகளில் ஈடுபட்டிருந்தனர். கல்லுடைத்தனர், சாலை போட்டனர், வயல்களுக்கு வரப்பும் நீர் தேங்கக் குளமும் அமைத்தனர். 1877-ஐப் போன்ற பெருஞ்சாவு நேரவில்லை. வேலை கேட்பது கிராமத்தானின் உரிமை என்னும் சட்டத்தை அம்மாநிலம் 1977-ல் நிறைவேற்றியது. 2005-ல் நாடு முழுவதற்கும் இயற்றப்பட்ட ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு அதுவே முன்னோடி.

இனி நம் காலத்து நெருக்கடிகளை நோக்குவோம். 2005-ல் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு வேலை தொடங்கிற்று; 2009-ல் ஐந்தரை லட்சத்தளவே. மாற்றாக, சீனா 2008 நவம்பரில் நாலு லட்சம் கோடி யுவான் அளவிலான திட்டத்தை அறிவித்து, ரயில் பாதைகளும் சாலைகளும் வீடுகளும் கட்டத் தொடங்கியது. உலக வியாபாரம் சுருங்கிய அந்நாளில் இரும்புக்கும் சிமெண்டுக்கும் கிராக்கியை அது காத்தது உண்மை. கடனில் எழுந்த கட்டடம் கடனாகவே திரும்பியதும் உண்மை. அந்நாட்டின் மாபெரும் வீட்டுமனை நிறுவனமான எவர்கிராண்ட் 2021-ல் கடனைச் செலுத்தத் தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதனைக் கலைக்க உத்தரவிட்டது. துபாயிலும் பழைய கதையே நிகழ்ந்தது. 2009 நவம்பரில் அங்கே அரசைச் சார்ந்த பெருநிறுவனம் ஒன்று கடனுக்குத் தவணை கேட்டது. இரண்டு மாதத்துக்குள், 2010 ஜனவரி 4-ல், 828 மீட்டர் உயரமுள்ள புர்ஜ் கலீஃபா திறக்கப்பட்டது. நியூயார்க்கில் 1931-ல் கண்டது வேறோர் உருவில் மீண்டது. நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் பலர் வளைகுடாவிலிருந்து வேலையிழந்து ஊர் திரும்பிய காலம் அது.

2020 மார்ச்சில் கொள்ளைநோயின் பொருட்டு நம் நாட்டில் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது கட்டட வேலைகள் ஒரே நாளில் நின்றன. மந்தம் மாதக்கணக்கில் செய்வதை அது ஓரிரவில் செய்தது. கட்டடத் தொழிலாளர் நலனுக்கென 1996-ஆம் ஆண்டுச் சட்டங்களின்படி வசூலித்த தீர்வையில் சுமார் 52,000 கோடி ரூபாய் மாநில வாரியங்களில் இருப்பதாகவும், பதிவு பெற்றோர் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் பேர் என்றும் மத்திய அரசாங்கம் அப்போது அறிவித்து, அப்பணத்தினின்று உதவுமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. பணம் இருந்தது, சட்டமும் இருந்தது. ஆயினும் ஒரு மாநிலத்தில் பிறந்து வேறொன்றில் வேலை செய்தவரில் பலர் எங்கும் பதிவு பெறாதவர். வெளிமாநிலத் தொழிலாளர்க்கு ஊர் சென்று திரும்பும் வழிச்செலவை ஒப்பந்தக்காரர் தரவேண்டும் என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. அவர்களோ நெடுஞ்சாலைகளில் நூற்றுக்கணக்கான மைல் நடந்தனர்.

இவ்வரலாற்றினின்று நாம் எதிர்பார்க்கத் தக்கது யாது? அடுத்த மந்தம் எந்நாட்டில் தோன்றினும், தனியார் வீடும் கடைத் தொகுதியும் முதலில் நிற்கும். தொடங்கிவிட்ட உயர்ந்த மாளிகைகள் சிறிது காலம் ஏறிக்கொண்டே இருக்கும். அவற்றைக் கண்டு நாம் மயங்கலாகாது. அரசாங்கங்கள் சாலைக்கும் பாலத்துக்கும் ரயிலுக்கும் பணம் ஒதுக்கும்; முன்பட்ட கடனின் சுமை மிகுந்த அரசாங்கத்தால் நெடுநாள் அவ்வாறு செய்ய இயலாது. ஆயத்தமான திட்டங்களைக் கையில் வைத்திருக்கும் நாடு விரைவில் பயன் பெறும். நெருக்கடி வந்த பின் நிலம் தேடும் நாடு, நெருக்கடி நீங்கிய பின்னரே கட்டத் தொடங்கும்.

இவையனைத்தும் செலவின் அளவைப் பற்றியவை. செலவின் தகுதியை அளக்க வேறு கோல் வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு அக்கோலை உணர்தல் அரிதன்று. இன்று நாம் வாழும் மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் சாரத்தின்மீது நிற்பவர் நம்மைப் போலவே வேற்றூரார். நாம் விட்டுவந்த சென்னையிலும் கோவையிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் கல்லடுக்குகின்றனர். கெட்ட காலத்தில் அடிக்கல் நாட்டும் ஒவ்வோர் அரசாங்கத்தையும் நாம் மூன்று கேள்விகள் கேட்கலாம். கட்டுகிறவனுக்கு வயிறார உண்ணப் போதுமான கூலி உண்டா? கட்டி முடித்தது அடுத்த வறுமையைத் தடுக்குமா? வேலை பாதியில் நின்றால், அவன் ஊர் திரும்புவதற்கான வழிச்செலவு யார் கையில் இருக்கிறது?