மூன்று கார்களின் காலம்

மோட்டார்க் கார்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வாதாடுவதில் நம் நாட்டாருக்குள்ள அபிமானம், வண்டிகள் மலிந்துவிட்ட இந்நாளில் பிறந்ததென்று எண்ணுவோர் பலர். என் அபிப்பிராயத்தில், அது முழு வளர்ச்சி பெற்றது வாங்கக்கூடிய கார்கள் மூன்றே மூன்றாகச் சுருங்கியிருந்த காலத்திலேதான்.

அச்சுருக்கம் தானாக நேர்ந்ததன்று. 1920களின் பிற்பகுதியிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் வெளிநாட்டிலிருந்து பாகங்களைத் தருவித்து, இங்கே பூட்டி விற்றுவந்தன. அவற்றோடு சீமையிலிருந்து நேரே இறங்கிய வண்டிகளும் சேர, பணமுள்ளவருக்குத் தேர்ந்தெடுக்க வகை பல இருந்தன. சுதந்திரத்துக்குப் பின், பாகங்களையும் இந்நாட்டிலேயே உற்பத்தி செய்ய முன்வராத கம்பெனிகளுக்கு இடமில்லையென்று சுங்கவரிக் கமிஷனின் 1953ஆம் வருஷத்து யோசனைப்படி சர்க்கார் தீர்மானிக்கவே, அவ்விரண்டும் கடையைக் கட்டின. எஞ்சியவற்றுள், வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதி முதல் செய்த அம்பாசடரும், பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த பியட்டும், சென்னைக்கருகே வண்டலூர்ப் பக்கத்திலிருந்த தொழிற்சாலையிலிருந்து 1961இல் வெளிவரத் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டுமே நடுத்தர வர்க்கத்தாரின் கனவுகளை ஆண்டன.

மூன்றும் மூன்று சுபாவத்தவை. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழித்தோன்றலான அம்பாசடர், ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் என்ஜினும், ஸ்டியரிங்குக்குக் கீழே கியரும், முன்னும் பின்னும் நீண்ட ஒற்றை இருக்கையும் கொண்டு, ஒரு குடும்பத்தையும் அதன் விருந்தாளிகளையும் திணித்துக்கொண்டு பள்ளத்திலும் மேட்டிலும் சளைக்காமல் போகும். 1,089 சி.சி. என்ஜினுடைய பியட், உருவிற் சிறிதாயினும் ஓட்டத்தில் துடிப்பானது. தாமே ஓட்டிச் செல்லும் வக்கீல்களும் டாக்டர்களும் அதையே விரும்பினர். மிச்செலோட்டி என்னும் இத்தாலியக் கலைஞர் வடிவமைத்த ஹெரால்டோ, 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பானெட் முழுவதையும் முன்புறமாகக் கவிழ்த்தால் என்ஜினும் முன்சக்கரங்களும் கைக்கெட்டும்படி வெளிப்படும். பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஏற்பாடும் அதற்குண்டு. யுக்தி என்ற அளவில் நான் முதற்பரிசு கொடுப்பது ஹெரால்டுக்கே. எனினும் அதே பின்சக்கர ஏற்பாடு, வளைவில் வேகமாகத் திரும்பினால் சக்கரம் உட்சாயும் அபாயத்தையும் உடன்கொண்டது.

ஆனால் வாங்கினவர் இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்தே வாங்கினார் என்று சொன்னால் அது பாதி உண்மையே. பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கவேண்டியிருந்தபடியால், புது வண்டியின் விலைக்குமேல் கொடுத்துப் பழைய வண்டியை வாங்குகிற விபரீதமும் நடந்த நாட்களில், எந்த வண்டி முதலிற் கிடைத்ததோ அதுவே உத்தமமானது என்று அதன் சொந்தக்காரர் ஆயுள் முழுதும் வாதாடினார். தேர்வுக்குப் பின்பே காரணங்கள் பிறந்தன.

உண்மையான ஒப்பீடு நிகழ்ந்த இடம் மெக்கானிக்கின் பட்டறை. தேய்ந்த பாகம் எந்தக் கடையில் கிடைக்கும், எந்தச் சிற்றூரில் வண்டி நின்றாலும் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவன் இருப்பானா என்ற கேள்விகளுக்கு முன் குதிரைசக்தியும் வேகமும் அற்பமாயின. கல்கத்தாவின் டாக்சி அம்பாசடராகவும் பம்பாயின் டாக்சி பியட்டாகவும் நிலைத்ததற்கு, அந்தந்தத் தொழிற்சாலை அருகிலிருந்து பாகங்களும் கைதேர்ந்த ஆட்களும் எளிதிற் கிடைத்ததும் ஒரு காரணமென்றே நான் கருதுகிறேன். ஹெரால்டுக்குப் பதிலாக வந்த கெஸல் 1970களின் பிற்பகுதியில் நின்றுபோகவே, போட்டி இரண்டு வண்டிகளுக்குள் ஒடுங்கிற்று.

1983 டிசம்பரில் 796 சி.சி. மாருதி வந்தது. அதன் அளவைக் கண்டு அம்பாசடர்க்காரர்கள் நகைத்தனர். ஆனால் அடிக்கடி பட்டறைக்குப் போகவேண்டாத வண்டியும் உண்டு என்று ஜனங்கள் அனுபவத்தில் அறிந்தவுடன், ஒப்பிடும் அளவுகோலே மாறிவிட்டது. எளிதிற் பழுதுபார்க்கலாம் என்பது பெருமையாயிருந்த இடத்தில் பழுதே வராது என்பது பெருமையாயிற்று. கனத்த உடம்பு உறுதிக்கு அடையாளமாயிருந்தது போய், பெட்ரோலை விழுங்கும் குற்றமாயிற்று. அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்ததாயினும், பிற்காலத்தில் அதைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் சர்க்கார் இலாகாக்களும் டாக்சிக்காரர்களுமே.

ஒரு வண்டியின் குணங்கள் என்று நாம் பட்டியலிடுபவை முழுவதும் அவ்வண்டியினுடையவை அல்ல என்பதற்கு இச்சரித்திரமே சாட்சி. அம்பாசடரின் சிறப்பென்று ஒரு தலைமுறை கொண்டாடியவற்றுட் பல, சாலையின் குறைக்கும், பாகங்களின் பஞ்சத்துக்கும், போட்டியின்மைக்கும் ஈடுகொடுத்து நின்றவை. அக்குறைகள் நீங்கியபோது அச்சிறப்புகளும் கூடவே நீங்கிவிட்டன.