கிண்டியில் உருவான ஓர் ஆய்வுப் பரம்பரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1952இல் கிண்டியில் இருந்த தன் இயற்பியல் துறையை ஜி.என். ராமச்சந்திரனிடம் ஒப்படைத்தது. பத்தே ஆண்டுகளில் உலகப் புரத ஆய்வாளர்கள் அனைவரும் கவனிக்கும் இடமாக அது வளர்ந்தது. மேலைநாட்டு ஆய்வகங்களோடு ஒப்பிட்டால் அங்கிருந்த கருவிகள் எளியவை. நல்ல கேள்வியைத் தேர்ந்தெடுத்து, அதை இளையவர்களின் கையில் கொடுத்துவிடும் வழக்கமே அத்துறையின் பெரும் பலம்.

அந்த வழக்கம் சி.வி. ராமனிடமிருந்து வந்தது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1942இல் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்த ராமச்சந்திரனை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டவர் அவர். பின்னர் கேம்பிரிட்ஜில் டபிள்யூ.ஏ. வூஸ்டரின் மேற்பார்வையில் முனைவர் பட்டம் பெற்று ராமச்சந்திரன் 1949இல் திரும்பினார். சென்னையின் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் பேராசிரியர் பதவிக்கு முதலில் அழைத்தது ராமனைத்தான். ராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரின் பெயரைச் சொன்னார். தேர்ந்த மாணவரைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் அனுப்பிவைத்த அந்தச் செயலிலிருந்தே கிண்டியின் கதை தொடங்குகிறது.

எதை ஆராய்வது என்ற கேள்விக்கு வழிகாட்டியவர் சென்னைக்கு வந்திருந்த அயர்லாந்தில் பிறந்த அறிஞர் ஜே.டி. பெர்னல். தோல், எலும்பு, தசைநார் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அப்போது தெளிவாகவில்லை. தோல் பதனிடும் தொழிலுக்காக அமைந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்ததால் கொலாஜன் கிடைப்பது சிரமமாக இல்லை. ராமச்சந்திரனும் இளம் ஆய்வாளர் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர்ப் படங்களைக் கொண்டு 1954இல் 'நேச்சர்' இதழில் ஒரு மாதிரியை வெளியிட்டனர். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்றது அது. அச்சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியுள்ளன என்று 1955இல் அதைத் திருத்தினர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் ஏன் இருக்கவேண்டும் என்பதற்கு இதில் விடை உண்டு: சங்கிலிகள் நெருங்கும் மையத்தில் வேறெதற்கும் இடமில்லை. அந்தக் கிளைசினுக்குப் பதில் வேறு அமிலம் அமையும் மரபணுக் கோளாற்றால்தான், எளிதில் எலும்பு முறியும் நோய் பலருக்கு உண்டாகிறது என்று பிற்கால மருத்துவம் கண்டறிந்தது.

அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் மாதிரியில் குறை கண்டனர். சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்றார்கள். எவ்வளவு நெருங்கலாம் என்பதற்கு அன்று உறுதியான அளவுகோல் ஏது? ராமச்சந்திரன் அந்தக் கண்டனத்தையே ஆய்வுப் பொருளாக்கினார். இதில் அவரோடு உழைத்தவர்கள் அவருடைய மாணவர்கள் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும். அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளிலிருந்து அணுக்களுக்கிடையிலான தூரங்களைத் திரட்டினார்கள். புரதச் சங்கிலி திரும்பும் இரு கோணங்களில் எந்தெந்த இணைகள் சாத்தியம் என்று கணக்கிட்டு வரைபடமாக்கினார்கள். கணினி எளிதில் கிடைக்காத காலத்தில் இதற்குப் பெரும் பொறுமை வேண்டும். 1963இல் வெளியான அந்த வரைபடம் ராமச்சந்திரனின் பெயரால் அழைக்கப்பட்டாலும், கட்டுரையில் மூவர் பெயரும் இருக்கின்றன. இன்றும் ஒரு புரத அமைப்பு சரியா என்று சோதிக்கும் முதல் வழிகளில் அது ஒன்று.

1963, 1967 ஆண்டுகளில் சென்னையில் நடந்த பன்னாட்டுக் கருத்தரங்குகள் மாணவர்களுக்குப் பெரிய வாய்ப்பாயின. கடல் கடக்க வசதியில்லாதவர்களும் துறையின் முன்னோடிகளை நேரில் கேட்டார்கள்.

கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குச் சென்று, ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் முப்பரிமாண அமைப்பை 1967இல் வெளியிட்ட குழுவில் முதல் ஆசிரியரானார். ராமச்சந்திரன் 1970இல் சென்னையை விட்டு விலகி, பெங்களூரில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் அங்கே பேராசிரியர்களாகி அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டினார்கள். கிண்டியில் ராமச்சந்திரன் விட்டுச்சென்ற துறை படிகவியலும் உயிரியற்பியலும் சேர்ந்த துறையாகத் தொடர்ந்தது.